ஆடி மாதத்தில் யானைகளுக்குத் தவணை இல்லை

வாசகரே, வலது கையை உயர்த்துங்கள். எந்தப் புனித நூலையும் தொடவேண்டியதில்லை. ஒன்ராறியோவின் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில், உண்மை சொல்வேன் என்று வாயால் உறுதி கூறினாலே போதும். கூறிவிட்டீர்களா? நல்லது. இந்தக் கட்டுரை முடியும்வரை நீங்கள் என் தரப்புச் சாட்சி. இதன் முடிவில் நான் ஒரு வாக்குக் கொடுப்பேன். அதை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே வாய்திறந்து, தெளிந்த அறிவோடு, உரத்த குரலில் கொடுத்தேன் என்பதற்கு எனக்கு ஒரு நடுநிலையான சாட்சி வேண்டும். அன்று அதைக் கேட்டிருந்தவர்களில், சாட்சிக் கூண்டுக்கு அழைக்கமுடியாத நீதிபதியைத் தவிர, எவரும் நடுநிலையாளர் அல்லர். ஒருவர் என் மேலதிகாரி, ஒருவர் என் கட்சிக்காரர், ஒருவர் எதிர்க்கட்சிக்காரர், இன்னொருவர் யார் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுகிறேன். வயது முப்பத்துமூன்று. சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடலாம். பின்னால் அதற்கு வேறு இடங்கள் உண்டு. தொழிலுக்குப் புதிதாக வந்த இளையவர்கள் சிலர், "அண்ணா, போறதுக்கு முதல் உங்கட பெஸ்ட் கேஸைப் பற்றி எழுதித் தாங்கோ. பட், ப்ளீஸ், ஷோர்ட்டா" என்று கேட்டார்கள். அந்தக் கடைசிச் சொல்லை நான் செவிமடுக்கவில்லை. சுருக்கம் என்பது பேசத் தெரியாதவர்களின் அறம் என்று ஒரு காலத்தில் மேடையேறி முழங்கியவன் நான்.

மேடை என்றேன். என் முதல் மேடை, டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்த சலவை அறை. உலர்த்தி இயந்திரங்கள் எல்லாம் ஒருசேர உருளும்போது அவற்றை மீறிக் கேட்பதே குரல் என்பது அம்மாவின் கொள்கை. வாரந்தோறும் துணிக்கூடையோடு என்னையும் இறக்கிக்கொண்டு போய், "ம், தொடங்கு" என்பார். துணி மடிக்க வந்த அயலவர்களே என் முதல் அவையோர். அவர்கள் ஒருபோதும் கைதட்டியதில்லை. காலுறைகளுக்குச் சோடி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் வார இறுதித் தமிழ்ப்பள்ளி, பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்று படிப்படியாக ஏறி, வெற்றிக் கிண்ணங்கள் எங்கள் சமையலறைத் தட்டிலிருந்து அரிசிப் பேணிகளை இடம்பெயர்த்த நாளில், பேசியே பிழைப்பது என்று முடிவெடுத்தேன். கல்லூரி, உரிமத் தேர்வு, எல்லாம் ஒரு மூச்சில் கடந்தன. நான் பரலீகல் ஆனேன். வழக்கறிஞர் அல்லன், ஆனால் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நிற்கும் அதே இடத்தில் நின்று பேச அனுமதி பெற்றவன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் என்னைத் தோற்கடித்தவர். பவானி அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அப்போதே தனியாக ஒரு பரலீகல் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பட்டிமன்றத்தில் எதிரணியின் கடைசிப் பேச்சாளராக வந்தார். முதல் மணிக்குப் பின்னும் நான் பேசி, இரண்டாம் மணிக்குப் பின்னும் பேசி, நடுவர் எழுந்து நின்ற பின் இறங்கியிருந்தேன். பவானி அக்கா ஒலிவாங்கியைத் தனக்கேற்றபடி தாழ்த்தினார். அவையைப் பார்த்தார். "தம்பி அழகாப் பேசினவர். அதில ஒண்டையாவது வீட்டை கொண்டுபோகலாம் எண்டு நினைக்கிறவை கையை உயர்த்துங்கோ பாப்பம்" என்றார். ஒரு கைகூட எழவில்லை. என் அம்மாவின் கை பாதிவழியில் நின்றுவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் அவரே என்னிடம் வந்து, "குரல் நல்ல குரல். வேலை கீலை இருக்கோ?" என்று கேட்டார்.

அவருடைய அலுவலகம் ஒரு கொத்துரொட்டிக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே தகரத்தில் இரும்பு கொட்டும் தாளத்தோடுதான் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசிகளை நாங்கள் தயாரிப்போம். வந்தவர்களில் பெரும்பாலோர் சிறிய கடன்காரர்கள். பெரிய கடன்காரருக்கு வங்குரோத்து, அதாவது திவால் அறிவிப்பு, இருக்கிறது, அதற்கென்று கண்ணாடி மாளிகைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய கடன்காரருக்கு இருப்பது கூச்சம் மட்டுமே. அவர்களுக்காகவும் நீதிமன்றம் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வழக்கு வந்தவுடனேயே, "கடன் உண்மைதான், ஆனால் மாதாமாதம் இவ்வளவு கட்டுகிறேன்" என்று பதிலிலேயே முன்மொழியலாம். தீர்ப்புகள் ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வந்து தலையில் விழுந்துவிட்டால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தவணையாக நீதிமன்றத்திலேயே கட்ட ஆணை கேட்கலாம். ஒருங்கிணைப்பு ஆணை என்று அதற்குப் பெயர். கட்டும் பணத்தை நீதிமன்றமே கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும். ஆணை உயிரோடு இருக்கும்வரை சம்பளத்தில் கைவைக்கவோ, வீட்டுப் பொருளைத் தூக்கவோ எவராலும் முடியாது. ஆனால் மூன்று வாரம் தவணை தவறினால் ஆணை அந்தக் கணமே செத்துவிடும். மறுபடி கேட்க ஓராண்டு காத்திருக்கவேண்டும்.

ஆகவே அந்தத் தொழிலின் முழு வித்தையும் ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது: இந்த மனிதரால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும்?

பவானி அக்கா அந்தக் கேள்வியை ஒருபோதும் முதலில் கேட்கமாட்டார். தேநீர் வரும். "போன சனிக்கிழமை என்ன சமைச்சனியள்?" என்பார். மீன் வாங்கியது எங்கே, பிள்ளை வேலைக்கு எந்த பஸ்ஸில் போகிறாள், குளிருக்குச் சப்பாத்து வாங்கியாயிற்றா, ஊரில் அம்மாவின் மருந்துக்கு யார் அனுப்புவது என்று கதை போய்க்கொண்டே இருக்கும். வந்தவர் இது ஏதோ நல்விசாரிப்பு என்று நினைத்துக்கொண்டு கொட்டித் தீர்ப்பார். அக்காவின் பென்சில் ஓரத்தில் அசைந்துகொண்டிருக்கும். கடைசியில்தான், கதவடிவரை வழியனுப்பிவிட்டு, ஏதோ மறந்துபோனதுபோல, "அதுசரி, மாசம் எவ்வளவு கட்டலாம் எண்டு நினைக்கிறியள்?" என்பார். வந்தவர் நெஞ்சை நிமிர்த்தி ஒரு தொகை சொல்வார். அக்கா அதை எழுதமாட்டார்.

"ஏனக்கா எழுதேல்லை?" என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

"எங்கட சனம் சொல்லுறதில அரைவாசி மானம். மிச்சம்தான் காசு. கோட்டிலை மானத்தைக் கட்டேலாது, காசைத்தான் கட்டோணும். விளங்குதே, பேச்சாளர்?"

பேச்சாளர் என்பது என் பட்டம். மகிழ்ச்சியாக இருந்தால் சொல்வேந்தர். கோபம் வந்தால், "நீர் கொஞ்சம் இரும்." நான் அவருடைய அலுவலகத்தில் இருந்த காலத்தின் பெரும்பகுதி கொஞ்சம் இருந்ததிலேயே கழிந்தது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். சாட்சி நிமிர்ந்து அமரலாம்.

யோகன் அண்ணை பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பொதிசெய்யும் பிரிவில் வேலைசெய்பவர். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போய்விடும். வார இறுதிகளில் அவர் வேறு ஆள். கலியாண மண்டபங்களில் மணவறை அலங்காரம் செய்வார். தூண், திரை, பூ, விளக்கு எல்லாம் அவரும் மனைவியுமே கட்டிவந்தார்கள். பிறகு ஊர் உலகத்துக்கு யானை தேவைப்பட்டது.

"யானை இல்லாத மணவறை இப்ப ஆருக்குத் தம்பி வேணும்?" என்று எங்கள் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டார். "பிள்ளையள் போனிலை படம் காட்டுதுகள். அங்கிள், இதுமாதிரி எலிஃபன்ற் இருக்கோ எண்டுதான் முதல் கேள்வி. இல்லையெண்டா அடுத்த ஆளிட்டைப் போயிடுவினம்."

ஆகவே யானை வாங்கினார். ஒரு சோடி. பொன் பூசிய பைபர் யானைகள், ஆள் உயரம், மார்பில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தும்பிக்கையை உயர்த்தி மணமக்கள்மேல் பூத் தூவும். ஸ்ரௌவ்வில் நகரில் கலியாணச் சாமான்களை இறக்குமதி செய்து விற்கும் குலம் அண்ணை அவற்றைக் கடனாகக் கொடுத்தார். இருவரும் ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே விமானத்தில் வந்திறங்கியவர்கள். எழுத்து எதுவும் இருக்கவில்லை. "கட்டுவாய்தானே?" "கட்டாமல்?" அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கொஞ்சக் காலம் கட்டினார். பிறகு யானை ஏற்றும் வான் பழுதாகி, வாகனத் திருத்தகத்தின் கணக்கு வந்தது. பெரிய கலியாணம் ஒன்று, பொருத்தம் பார்த்து, மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் கொடுத்த பிறகு, பொம்பிளையும் மாப்பிள்ளையும் உணவுப் பட்டியலில் சண்டைபிடித்து நின்றுபோனது. ஒரு தவணை தவறியது. குலம் அண்ணை தொலைபேசி எடுத்தார். யோகன் அண்ணை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. கையில் காசோடு பேசுவோம் என்று நினைத்தார். அடுத்த அழைப்பையும் அவ்வாறே நினைத்து விட்டார். பிறகு வந்தது அழைப்பு அன்று, கோரிக்கை மனு. அதற்கும் பதில் போடவில்லை, வெட்கம். பதில் போடாதவருக்கு எதிராகத் தீர்ப்பு தானாக வரும். குலம் அண்ணையின் தீர்ப்பும் வந்தது, திருத்தகத்தின் தீர்ப்பும் வந்தது. யானைகளைக் கைப்பற்றி விற்க அமலாக்க அலுவலர் வரக்கூடும் என்ற அறிவித்தலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் எங்கள் படியேறினார்.

"ஆவணி முழுக்க புக்கிங் தம்பி. எல்லாரும் யானைக்கெண்டுதான் அட்வான்ஸ் தந்தவை. யானை போனா கலியாணமெல்லாம் போயிடும். கலியாணம் போனா நான் என்னத்தைக் கட்டுறது?"

வழக்கு முழுவதும் அந்த ஒரு மூச்சில் இருந்தது. யானைகள் நின்றால் கடன் தீரும். யானைகள் போனால் எதுவும் தீராது. ஒருங்கிணைப்பு ஆணை ஒன்றே வழி. அதைத் தவணை தவறாமல் காப்பாற்றக்கூடிய தொகையில் பெறவேண்டும். பவானி அக்கா சனிக்கிழமைச் சமையலில் தொடங்கி ஒன்றரை மணிநேரம் கதைத்து, யோகன் அண்ணை "நானூறு கட்டலாம்" என்று நெஞ்சை நிமிர்த்தியபோது சத்தியக்கடதாசியில் இருநூறு என்று எழுதினார். கடன் கொடுத்த இருவருக்கும் அறிவித்தல் போயிற்று.

நானோ உரை எழுதினேன். என்ன உரை! கடன் என்பது இரு மனிதருக்கு இடையே போட்ட பாலம் என்று தொடங்கி, மணமேடையில் நிற்கும் ஒரு பெண்ணின் கண்முன்னே யானைகளை இழுத்துச் செல்லும் கல்நெஞ்சரை நோக்கி விரல் நீட்டி, இரக்கத்தின் இலக்கணத்தில் முடிவது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன்; ஆனால் சலவை அறையின் மூச்சில் எழுதினேன். காலையில் கொத்துரொட்டிக் கடை திறப்பதற்கு முன்பே வந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

விசாரணை காணொளியில் நடந்தது. தொழிலில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். அரங்கை நிறைக்கப் பழக்கிய ஒரு மனிதனைப் பிஸ்கட் அளவு சதுரத்தில் அடைத்துவிடுகிறார்கள். கையை உயர்த்தினால் கை திரைக்கு வெளியே போய்விடுகிறது. அன்று ஒரு சதுரத்தில் நீதிபதி அம்மையார், கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். ஒன்றில் நான், என் பக்கத்தில் பாதி முகமாகப் பவானி அக்கா. ஒன்றில் குலம் அண்ணை, ஸ்ரௌவ்வில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கோட் சூட்டோடு. திருத்தகத்திலிருந்து எவரும் வரவில்லை. யோகன் அண்ணை வீட்டில் பிள்ளைகள் கேட்கக் கடனைப் பற்றிக் கதைக்கமுடியாது என்று, யானைகளை நிறுத்திவைத்திருந்த மைத்துனரின் விட்பி வீட்டுக் கராச்சிலிருந்தே இணைந்திருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு பொன்யானையின் கண் சதுரத்தின் பாதியை நிரப்பிக்கொண்டு நேரே நீதிபதியைப் பார்த்தது.

"உங்கள் பின்னால் இருப்பது என்ன?" என்று கேட்டார் நீதிபதி.

"அதுதான், அம்மா, வழக்கு" என்றார் யோகன் அண்ணை.

ஐந்தாவது சதுரத்தில் முகம் இல்லை. கறுப்புப் பின்னணியில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டும். அவர்தான் மொழிபெயர்ப்பாளர், ஓர் இளம்பெண்ணின் குரல். அந்தத் தொழிலின் விதி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. பேசுபவர் ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். கேட்ட எதையும் விடக்கூடாது. சொந்தமாக எதையும் சேர்க்கக்கூடாது.

நான் தொடங்கினேன். பாலம் நன்றாக எழும்பியது. நீதிபதியின் புருவம் உயர்ந்தது. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். மணமகள் மேடைக்கு வந்தாள். யானைகள் இழுக்கப்பட்டன. கல்நெஞ்சரை நோக்கி விரலை நீட்ட மூச்சை இழுத்தேன். நீட்டினேன். முழங்கினேன். இரக்கத்தின் இலக்கணத்துக்குள் நுழைந்து வெகுதூரம் போன பிறகே, எவருடைய முகத்திலும் எதுவும் அசையவில்லை என்பதைக் கவனித்தேன். பவானி அக்காவின் சுட்டுவிரல் விசைப்பலகையின்மேல் இருந்தது. ஒலி நிறுத்தப்பட்டிருந்தது.

"ஏனக்கா?"

"நீர் கொஞ்சம் இரும். கல்நெஞ்சர் எண்டு சொன்னா அந்த மனுசன் ஒரு சதமும் இறங்கமாட்டார்."

அந்த அமைதியை யோகன் அண்ணை தவறாக விளங்கிக்கொண்டார். தன் பரலீகலின் இணையம் அறுந்துவிட்டது, இனித் தானே தன் வழக்கைப் பேசவேண்டும் என்று நினைத்தார்.

"குலம்," என்றார். "உன்ர காசு உனக்கு வரும்."

குலம் அண்ணை கமராவைப் பார்க்கவில்லை. "அம்மா, உவர் ஏன் போன் எடுக்கேல்லை எண்டு முதல் கேளுங்கோ. எனக்குக் காசு பெரிசில்லை. நான் நாயே? போன் அடிக்க அடிக்கப் பாத்துக்கொண்டு இருந்தவராம்!"

"நான் நாயா?" என்று மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நீதிபதி சிறிது திகைத்துப் பிறகு தெளிந்தார்.

"வெறுங்கையோட என்னெண்டடா உன்னோட கதைக்கிறது?" என்றார் யோகன் அண்ணை. யானை அசையாமல் பார்த்தது. "அம்மா, தம்பியவை இருநூறு எண்டு எழுதினவை. வேண்டாம். முந்நூறு கட்டுறன்."

பவானி அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மானம் வெளிக்கிட்டுட்டுது" என்றார் மெதுவாக.

குலம் அண்ணை நிமிர்ந்தார். கடன்பட்டவர் பெருந்தன்மை காட்டும்போது கடன் கொடுத்தவர் சிறுத்துப்போவதா? "முந்நூறு எனக்கு வேண்டாம். இருநூறும் வேண்டாம். நூற்றைம்பது காணும்."

"ஆரடா உன்னட்டைப் பிச்சை கேட்டது? நானூறு!"

"நூறு! அதுக்குமேல நான் எடுக்கமாட்டன்!"

"எடுக்கோணும்!"

"எடுக்கமாட்டன்!"

சாட்சியே, இப்போது நான் கேட்டதை நீங்களும் கேளுங்கள். விதிப்படி இதெல்லாம் ஒரே குரலில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது. "நான் நானூறு கட்டுவேன். நான் நூறுக்குமேல் வாங்கமாட்டேன். நீ வாங்கவேண்டும். நான் வாங்கமாட்டேன்." ஒரு பெண் கறுப்புச் சதுரத்துக்குள் இருந்துகொண்டு தன்னோடு தானே, இரண்டு பக்கமும் சம வேகத்தில், ஒரு சொல்லும் தவறாமல், மூச்சும் வாங்காமல் வாதாடிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த எந்தப் பட்டிமன்றத்திலும் ஒருவரே இரண்டு அணியையும் அவ்வளவு நேர்மையாகத் தாங்கியதில்லை. என் உரையை மறந்தேன்.

"ஒரு நிமிடம்," என்றார் நீதிபதி. "மொழிபெயர்ப்பாளரே, கடன்பட்டவர் தொகையை உயர்த்துகிறாரா? கடன் கொடுத்தவர் குறைக்கிறாரா?"

"ஆம், அம்மையாரே. தவறு என்னுடையதன்று."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவருடைய சம்பளத்தில் சட்டம் எடுக்க அனுமதிக்கும் பங்குக்கு மேல் இத்தகைய ஆணையில் விதிக்கக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்றும், அந்த விதியைக் கடன்பட்டவருக்கு எதிராகவே பயன்படுத்த நேரும் என்று தாம் நினைத்ததில்லை என்றும் சொன்னார். கணக்குப் பார்த்து அந்த உச்சத் தொகையையும் வாசித்தார்.

"அப்ப அதையே மாசாமாசம் கட்டுறன்," என்றார் யோகன் அண்ணை, வெற்றிபெற்றவர் போல.

நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். அந்தத் தொகையில் ஆணை எழுதப்பட்டால், அது எப்போது சாகும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாதத்தில் வாடகை போக அந்த மனிதரிடம் எதுவும் இருக்காது. தவணை தவறும், மூன்று வாரம் ஓடும், ஆவணிக் கலியாணங்கள் தொடங்கும் நேரத்தில் அலுவலர் வந்து யானைகளை ஏற்றுவார். பவானி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எந்த உரைக்கும் நேரம் இல்லை. நான் ஒலியைத் திறந்து, தமிழில், யோகன் அண்ணையிடம் நேரே கேட்டேன்:

"அண்ணை, ஆடியில என்ன கட்டுவியள்?"

என் வாழ்நாளின் மிகக் குறுகிய சொற்பொழிவு அது. யோகன் அண்ணை விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். நெஞ்சு தாழ்ந்தது. பதில் வேறு சதுரத்திலிருந்து வந்தது.

"ஆடியில உவன் என்னத்தைக் கட்டுறது!" என்று குலம் அண்ணை கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ஆடியில ஆர் கலியாணம் செய்யிறது? மார்கழியிலயும் ஒண்டும் இல்லை. என்ர கடையே அந்த ரெண்டு மாசமும் ஈயோட்டுது. டேய் யோகன், விசர்க் கதை கதையாதை. மாசாமாசம் எண்டு ஏனடா ஒத்துக்கொண்டனி?"

வழக்குத் தொடங்கிய பிறகு அவர் யோகன் என்று பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல்தடவை என்பதை யோகன் அண்ணையின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டேன்.

நீதிபதி விளக்கம் கேட்டார். தமிழர்கள் மணமுடிக்காத மாதங்கள் இருக்கின்றனவா? அதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா? நான் ஆதாரத்துக்கு அங்குமிங்கும் பார்ப்பதற்குள் குலம் அண்ணையின் சதுரம் வெறுமையானது. கதிரை மட்டும் தெரிந்தது. சமையலறையில் ஏதோ விழுந்த சத்தம். கோட் சூட்டோடு திரும்பிவந்தவர் கையில் பலசரக்குக் கடை கொடுத்த நாட்காட்டி இருந்தது. ஆணியும் கூடவே வந்திருந்தது. அதை விரித்துக் கமராவின்மேல் ஒட்டிப் பிடித்தார். திரை முழுவதும் லட்சுமி.

"கொஞ்சம் பின்னுக்குப் பிடியுங்கள், ஐயா," என்றார் நீதிபதி.

பின்னுக்குப் பிடித்தார். சிவப்பில் அச்சிட்ட முகூர்த்த நாட்கள் தெரிந்தன. வைகாசி சிவந்துகிடந்தது. ஆடியில் ஒரு பொட்டும் இல்லை. கடன் கொடுத்தவரே கடன்பட்டவருடைய சான்றைக் கையுயர்த்தித் தாங்கி நின்ற அந்தக் காட்சியை நான் எந்த மேடையிலும் கற்பனைசெய்து சொல்லியிருந்தால், நடுவர் மணியடித்திருப்பார்.

பவானி அக்கா என் காதருகே குனிந்து, "காலங்கள்" என்று ஒரே சொல் சொன்னார். எனக்கு விளங்கியது. ஒருங்கிணைப்பு ஆணைக்கான விதி, கட்டவேண்டிய தொகையோடு கட்டவேண்டிய காலங்களையும் ஆணையில் எழுதச் சொல்கிறது. எல்லா மாதமும் ஒரே அளவு என்று எங்கும் சொல்லவில்லை. அதை நீதிபதியிடம் சொன்னேன். பாலமும் இல்லை, மணமகளும் இல்லை. அவர் தலையசைத்து எழுதினார். தவணை மாத முதலாம் தேதி. இருநூறு. முகூர்த்தங்கள் நிறைந்த மாதங்களில் அதற்கு மேல், உச்சவரம்புக்குள். ஆடிக்குள் விழும் ஆகஸ்ட் முதலாம் தேதியும், மார்கழிக்குள் விழும் ஜனவரி முதலாம் தேதியும் தவணை இல்லை. யானைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

யோகன் அண்ணை நீண்ட மூச்சு விட்டுப் பின்னால் சாய்ந்தார். அவருடைய முதுகோ தலையோ அந்தப் பொத்தானில் பட்டிருக்கவேண்டும். யானைக்குள் மோட்டார் உறுமியது. தும்பிக்கை மெல்ல எழுந்தது. போன கலியாணத்து ரோசாப்பூ இதழ்கள், காய்ந்து கறுத்து, அவருடைய வழுக்கைத் தலையில் சொரியத் தொடங்கின. நிற்பாட்ட அவருக்கு மனமில்லை. குலம் அண்ணை சிரித்த சிரிப்பில் நாட்காட்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. நீதிபதி சால்வையால் வாயை மறைத்துக்கொண்டார். பவானி அக்கா என் தோளில் தட்டி, "சொல்வேந்தர்!" என்றார்.

மீதியைச் சொல்லிவிட்டு அந்தக் காட்சிக்குத் திரும்புகிறேன். ஒரு தவணையும் தவறவில்லை. இந்த வைகாசியில் கடைசித் தவணை நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யோகன் அண்ணை அதைத் தொலைபேசியில் முதலில் குலம் அண்ணைக்குத்தான் சொன்னார். கறுப்புச் சதுரத்துக் குரலுக்குப் பெயர் தாரணி. வருகிற ஆவணியில் எங்களுக்குத் திருமணம். கணவர் வாதாடும் வழக்கில் மனைவி மொழிபெயர்க்கக்கூடாது. தமிழ் வழக்கென்றால் பெரும்பாலும் எங்கள் கொத்துரொட்டி மாடிக்குத்தான் வரும். இருவரில் ஒருவர் விலகவேண்டும். யார் என்பதைக் கோப்பிக்கடை ஒன்றில் முறைப்படி விவாதித்தோம். நான் மிகச் சிறப்பாகப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் எங்கை போனாலும் கதைப்பியள். எனக்கு அமைதியான ஒரு வேலை வேணும்" என்றாள். அதனால்தான் ஓய்வு. இனி வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பேன். சலவை அறையில்.

சாட்சியே, இதுவே அந்த இடம். இதழ்கள் கொட்டி முடிந்திருந்தன. நீதிபதி, விசாரணையை முடிக்கும் முன் எவருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். யோகன் அண்ணை கண்ணைத் துடைத்தபடி, "தம்பி, உமக்கு நான் என்ன செய்யிறது? கலியாணம் கட்டாத பெடியன் வேற" என்றார். அந்தச் சோடி யானையைப் போல அலங்கோலமான ஒன்றை என் திருமணத்தில் ஒருபோதும் அனுமதிக்கமாட்டேன் என்று அலுவலகத்தில் பலமுறை சொன்னவன் நான். பவானி அக்கா அதற்குச் சாட்சி. ஆனால் ஒலி திறந்திருந்தது. நெஞ்சு நிறைந்திருந்தது. உலர்த்தி இயந்திரங்கள் எல்லாவற்றையும் மீறும் குரலில் சொன்னேன்:

"அண்ணை, நீங்கள் கடைசித் தவணையைக் கட்டி முடியுங்கோ. அதுக்குப் பிறகு வாற ஆவணியில, உந்த ரெண்டு யானைக்கும் நடுவில நான் மாலையோட நிப்பன்!"

கறுப்புச் சதுரத்திலிருந்து, எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல், கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தக் குரல் நீதிமன்றத்துக்கு அதை ஆங்கிலத்தில் அறிவித்து, இப்படி முடித்தது: "அந்த இரண்டு யானைகளுக்கும் நடுவில் நான் மாலையோடு நிற்பேன்."